வெலேரோ 1.11-இலிருந்து 1.16-க்கு மாறும்போது பழைய ரெஸ்டிக் பேக்கப்புகள் திறக்குமா?

பாளைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஆறு பேர் பணிபுரியும் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சர்வர்களைக் கவனித்துக்கொள்கிறேன். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கத்து அரிசி ஆலைகளுக்கும், நெல்லை டவுனில் உள்ள மொத்த வியாபாரக் கடைகளுக்கும் பில்லிங், ஜிஎஸ்டி கணக்கு மென்பொருளை வழங்கி வருகிறோம். முன்பு எங்கள் சர்வர் கொக்கிரகுளத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை கடந்து கலெக்டர் அலுவலகம் வரைக்கும் புகுந்தபோது அந்த அறையும் மூழ்கியது. வேறோர் இடத்தில் வைத்திருந்த ஒரு ஹார்டு டிஸ்க்கின் தயவால் மட்டுமே வாடிக்கையாளர்களின் கணக்கு பிழைத்தது. அதன் பிறகு தரைத்தளமே வேண்டாம் என்று முடிவெடுத்து, 2024 தொடக்கத்தில் எல்லாவற்றையும் அமேசானின் மும்பை வட்டாரத்தில் உள்ள ஒரு இகேஎஸ் கிளஸ்டருக்கு (பல கணினிகளைச் சேர்த்து மென்பொருளை ஓட்டும் குபெர்னெட்டீஸை அமேசானே நடத்தித் தரும் சேவை) மாற்றினோம்.

பேக்கப்புக்கு வெலேரோ 1.11-ஐ (குபெர்னெட்டீஸில் உள்ளவற்றைப் பேக்கப் எடுக்கும் கருவி) ஹெல்ம் என்ற நிறுவல் கருவி வழியாக நிறுவியவர் இப்போது சென்னையில் வேறு வேலையில் இருக்கிறார். அமைப்பு இதுதான். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இபிஎஸ் என்ற அமேசானின் மெய்நிகர் டிஸ்க்கில் இருப்பதால், சிஎஸ்ஐ (குபெர்னெட்டீஸ் சேமிப்பகங்களோடு பேசும் பொது இடைமுகம்) பிளகின் வழியாகத் தினமும் ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்க்கின் அந்த நேரத்து நகல், எடுக்கப்படுகிறது. பில் பிடிஎஃப் கோப்புகளும் மாதாந்தரத் தரவுத்தள டம்ப்பும் (தரவுத்தளத்தின் முழு ஏற்றுமதிக் கோப்பு) இஎஃப்எஸ் என்ற அமேசானின் பகிர்வுக் கோப்புச் சேமிப்பகத்தில் இருக்கின்றன. இஎஃப்எஸ்-இன் சிஎஸ்ஐ டிரைவருக்கு ஸ்னாப்ஷாட் வசதி இல்லாததால் அந்தப் பகுதி மட்டும் ரெஸ்டிக் என்ற கோப்பு பேக்கப் கருவி வழியாக அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் உள்ள ஒரு பக்கெட்டுக்குச் செல்கிறது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால், மாதாந்தரப் பேக்கப்பின் ஆயுட்காலத்தை 52,560 மணி நேரம், அதாவது ஆறு ஆண்டுகள் என்று அவர் அமைத்திருக்கிறார். 2024 பிப்ரவரியிலிருந்து இன்றுவரை அப்படிப் பதினாறு மாதாந்தரப் பேக்கப்புகள் சேர்ந்துள்ளன.

எங்கள் கிளஸ்டர் குபெர்னெட்டீஸ் 1.30-இல் ஓடுகிறது. இகேஎஸ்-இல் அதற்கான வழக்கமான ஆதரவு 2025 ஜூலை 23 அன்று முடிகிறது. அதற்குப் பிறகும் அங்கேயே இருந்தால் கிளஸ்டர் கட்டணம் மணிக்கு 0.10 டாலரிலிருந்து 0.60 டாலராக உயரும், அதாவது மாதத்திற்குச் சுமார் 365 டாலர் கூடுதல். ஆகவே கிளஸ்டரை உயர்த்தியே தீர வேண்டும், அதற்கு முன் வெலேரோவையும் உயர்த்த வேண்டும் என்று நினைக்கிறேன். 1.11-இலிருந்து நேராக 1.16-க்குத் தாவலாமா, அல்லது ஒவ்வொரு பதிப்பாக ஏற வேண்டுமா? இடையில் ரெஸ்டிக்குக்குப் பதிலாகக் கோப்பியா என்ற இன்னொரு கருவி வந்துவிட்டதாகப் படித்தேன். அப்படியானால் அந்தப் பதினாறு பேக்கப்புகளின் கதி என்ன?

கங்கைகொண்டான் இரவுப்பணி எழுதியது:

வணக்கம் தம்பி. வரிசை நீங்கள் நினைத்தபடிதான்: முதலில் வெலேரோ, பிறகு கிளஸ்டர். வெலேரோ 1.16-ஐக் குபெர்னெட்டீஸ் 1.31 முதல் 1.33 வரை சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள் என்பதால், உங்கள் அடுத்த இரண்டு மூன்று கிளஸ்டர் ஏற்றங்களுக்கு அது போதும்.

தாவுவதைப் பற்றி: ஒவ்வொரு பதிப்பின் மேம்படுத்தல் ஆவணமும் அதற்கு முந்தைய பதிப்பு நிறுவப்பட்டிருக்கிறது என்ற அனுமானத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. நேராகத் தாவிப் பிழைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் தாவிய பின் ஏதாவது உடைந்தால் எந்தப் படியில் உடைந்தது என்று தேடுவதற்கே ஒரு நாள் போய்விடும். ஐந்து படிகள் என்றாலும் ஒவ்வொன்றும் அரை மணி நேர வேலைதான். ஒரு படிக்குச் செய்ய வேண்டியவை இவை: உங்கள் மடிக்கணினியில் உள்ள வெலேரோ கட்டளைக் கருவியைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது, சி.ஆர்.டி.களை (வெலேரோ குபெர்னெட்டீஸில் சேர்க்கும் தன் பொருள் வகைகளின் வரையறைகள்) புதுப்பிப்பது, சர்வர், நோட் ஏஜென்ட் (ஒவ்வொரு கணினியிலும் கோப்புகளை நகலெடுக்கும் பகுதி), அமேசான் பிளகின் ஆகிய மூன்றின் இமேஜையும் சேர்த்தே மாற்றுவது, பிறகு ஒரு சிறிய நேம்ஸ்பேஸை (கிளஸ்டருக்குள் ஒரு தனிப் பிரிவு) பேக்கப் எடுத்து ரீஸ்டோர் செய்து பார்ப்பது. அமேசான் பிளகினின் எண் வெலேரோ எண்ணோடு கூடவே ஏறும். 1.11-க்கு 1.7, 1.12-க்கு 1.8 என்று போய் 1.16-க்கு 1.12 வரும். சர்வரை மட்டும் உயர்த்திப் பிளகினை மறந்துவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

சி.ஆர்.டி. விஷயத்தில் ஹெல்மை நம்பி இருந்துவிட வேண்டாம். சார்ட்டின் (ஹெல்மின் நிறுவல் தொகுப்பு) சி.ஆர்.டி. அடைவில் உள்ளவற்றை ஹெல்ம் முதல் நிறுவலின்போது மட்டும் போடும், மேம்படுத்தும்போது தொடாது. வெலேரோ சார்ட்டில் அந்த வேலைக்கென்று தனி ஜாப் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு முன்பிருந்தவர் அதை வேல்யூஸ் என்ற அமைப்பு விவரக் கோப்பில் அணைத்து வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். அணைத்திருந்தால், புதிய கட்டளைக் கருவியைக் கொண்டு சி.ஆர்.டி.களை மட்டும் யாமல் வடிவில் எழுதச் சொல்லி, அதைக் கையால் அப்ளை செய்யுங்கள். 1.12-இல் டேட்டா அப்லோடு, டேட்டா டவுன்லோடு என்று புதிய வகைகள் சேர்ந்தன. அவை கிளஸ்டரில் இல்லாமல் புதிய சர்வர் எழுந்தால் லாக் முழுக்கப் பிழையாகத்தான் வரும்.

இன்னொன்று. பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வரை மாற்ற வேண்டாம். புதிய சர்வர் எழுந்தவுடன், நடந்துகொண்டிருப்பதாகப் பதிவாகியிருக்கும் பேக்கப்பைத் தோல்வி என்று குறித்துவிடும். அட்டவணைகளை முதலில் பாஸ் (தற்காலிக நிறுத்தம்) செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வேலை முடிந்த பின் பாஸை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

பாளைக்காரன் எழுதியது:

மிக்க நன்றி அண்ணாச்சி. வேல்யூஸ் கோப்பைப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே அந்த ஜாப் அணைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நான் உண்மையில் பயப்படுவது பழைய பேக்கப்புகளைப் பற்றித்தான். 1.17-இல் ரெஸ்டிக் வழியில் புதிய பேக்கப் எடுக்க முடியாது என்றும், 1.19-இல் ரீஸ்டோரும் நின்றுவிடும் என்றும் திட்ட அறிவிப்பில் பார்த்தேன். ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டிய பேக்கப்பைத் திறக்கும் சாவி ஓரிரு ஆண்டுகளில் போய்விடும் என்றால், நான் எதை மேம்படுத்துகிறேன் என்றே புரியவில்லை.

பொதிகைச்சாரல் எழுதியது:

உங்கள் கேள்வியில் முக்கியமானது இதுதான் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உடனடிக் கவலையைத் தீர்த்துவிடலாம். 1.11-இல் கோப்புகளை ஏற்றும் வேலையை இயல்பாகச் செய்தது ரெஸ்டிக். 1.12-இலிருந்து அந்த இடம் கோப்பியாவுக்குப் போய்விட்டது. நீங்கள் வேல்யூஸ் கோப்பில் எதுவும் குறிப்பிடாவிட்டால், 1.12-க்கு ஏறிய இரவே புதிய பேக்கப்புகள் கோப்பியாவில் எழுதப்படும். ஆனால் ஒவ்வொரு பேக்கப்பிலும் அதை எதைக் கொண்டு எடுத்தது என்ற குறிப்பு இருக்கிறது. ரீஸ்டோர் செய்யும்போது வெலேரோ அந்தக் குறிப்பைப் பார்த்து ரெஸ்டிக்கையே அழைத்துக்கொள்ளும். ஆகவே 1.16-இலும் உங்கள் பதினாறும் திறக்கும்.

கோப்பியாவுக்கு மாறும் முதல் இரவில் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டின் களஞ்சியங்களும் பக்கெட்டில் வெவ்வேறு அடைவுகளில் இருக்கும், ஒன்று மற்றொன்றைப் படிக்காது. எனவே முதல் கோப்பியா பேக்கப், நேற்று வரை சேர்ந்த அத்தனை பிடிஎஃப்பையும் புதிதாக ஏற்றும். பழையவற்றின் ஆயுள் முடியும்வரை பக்கெட்டில் ஏறத்தாழ இரண்டு பங்கு இடம் பிடிக்கும். பண விஷயத்தைவிட எனக்கு அடிபட்டது நினைவக விஷயத்தில்தான். எங்கள் நோட் ஏஜென்ட்டுக்கு ஒரு ஜிபி நினைவக வரம்பு வைத்திருந்தோம், ரெஸ்டிக் காலத்தில் அது போதுமானதாக இருந்தது. லட்சக்கணக்கான சிறு கோப்புகளைக் கோப்பியா முதன்முறையாக வரிசைப்படுத்தியபோது அந்த வரம்பைத் தாண்டியதால் அதன் பாட் (கிளஸ்டரில் ஓடும் நிரல் அலகு) கொல்லப்பட்டது. பேக்கப் 'பகுதித் தோல்வி' என்ற நிலையில் முடிந்தது. எங்கள் எச்சரிக்கை விதி முழுத் தோல்வியை மட்டுமே கவனித்ததால், ஒன்பது நாட்கள் கழித்து வேறு எதையோ தேடும்போதுதான் இது கண்ணில் பட்டது. மேம்படுத்தும் முன்பே பகுதித் தோல்விக்கும் எச்சரிக்கை வைத்துவிடுங்கள்.

1.14-இல் ஒரு கண்ணி இருக்கிறது. சிஎஸ்ஐ பிளகினின் நிரல் அந்தப் பதிப்பில் வெலேரோவுக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது. பழைய பிளகினை இனிட் கன்டெய்னராக (சர்வர் எழும் முன் ஓடும் துணைப் பகுதி) அப்படியே விட்டுவைத்தால், ஒரே பெயரில் இரண்டு பிளகின்கள் பதிவு செய்ய முயன்று சர்வர் எழாமலே மீண்டும் மீண்டும் விழும். எனவே 1.13-இலிருந்து ஏறும்போது அதை நீக்கிவிடுங்கள். ஆனால் சிஎஸ்ஐ-க்கான வசதிக் கொடியை (அந்த வசதியை இயக்கும் அமைப்பு) நீக்கிவிடாதீர்கள், அது இப்போதும் தேவை. பிளகினைக் கழற்றுகிறோம் என்று கொடியையும் சேர்த்துக் கழற்றிவிட்டால் உங்கள் போஸ்ட்கிரெஸ் டிஸ்க்குக்குச் சிஎஸ்ஐ ஸ்னாப்ஷாட்டே எடுக்கப்படாது. அதே பதிப்பிலிருந்து களஞ்சியப் பராமரிப்பு தனி ஜாப்களாக ஓடும். வெலேரோ நேம்ஸ்பேஸில் முன்பு பார்க்காத பாட்கள் வந்து போவதைக் கண்டு திகைக்க வேண்டாம்.

இனி ஆறு ஆண்டுக் கதை. வெலேரோ மறந்தாலும் ரெஸ்டிக் உங்களைக் கைவிடாது. பக்கெட்டில் நேம்ஸ்பேஸுக்கு ஒன்றாக இருப்பவை சாதாரண ரெஸ்டிக் களஞ்சியங்கள்தான். ரெஸ்டிக் கருவியை எந்தக் கணினியில் நிறுவியும், பக்கெட்டின் அனுமதியையும் களஞ்சியக் கடவுச்சொல்லையும் கொடுத்தால் உள்ளே இருக்கும் கோப்புகளை எடுத்துவிடலாம். குபெர்னெட்டீஸே வேண்டாம். அந்தக் கடவுச்சொல் வெலேரோ நேம்ஸ்பேஸில் ஒரு சீக்ரெட்டாக இருக்கிறது. யாரும் மாற்றவில்லை என்றால், அது மூலநிரலிலேயே எல்லோரும் பார்க்கும்படி எழுதப்பட்டுள்ள இயல்புக் கடவுச்சொல்லாகவே இருக்கும். ஆகவே அந்தக் குறியாக்கத்தைப் பூட்டு என்று நினைக்க வேண்டாம், உண்மையான பூட்டு பக்கெட்டின் அனுமதிதான். அதற்காக இப்போது அவசரப்பட்டுக் கடவுச்சொல்லை மாற்றினால் ஏற்கெனவே உள்ள களஞ்சியங்கள் எதுவும் திறக்காது. உள்ளதை ஒரு காகிதத்தில் எழுதி அலுவலகப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள்.

உங்கள் முன்னவர் போட்ட ஆறு ஆண்டுக் கணக்கிலும் ஒரு பிழை இருக்கிறது என்று தோன்றுகிறது. 72 மாதம் என்பது பில் போட்ட நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து எண்ணப்படுகிறது. 2024 ஏப்ரல் பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது 2024-25 நிதியாண்டைச் சேர்ந்தது. அதன் ஆண்டு ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. அங்கிருந்து 72 மாதம் என்றால் 2031 டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். வெலேரோவோ பேக்கப் எடுத்த நாளிலிருந்து எண்ணி, 2030-இலேயே அதை அழித்துவிடும். கணக்கை வைத்திருக்கும் கடமை வியாபாரியுடையது என்றாலும், நாங்கள் வைத்திருக்கிறோம் என்று நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தால் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் குறைகிறது.

என் கருத்தில், இத்தனை ஆண்டு வைக்க வேண்டியதை வெலேரோவிடம் விடவே கூடாது. கிளஸ்டர் விழுந்தால் நேற்றைய நிலையில் எழுப்புவதற்குத்தான் அது செய்யப்பட்டது. மாதாந்தர டம்ப்பையும் பிடிஎஃப்களையும் ஆப்ஜெக்ட் லாக் போட்ட தனி எஸ்3 பக்கெட்டில் சாதாரணக் கோப்புகளாக வைத்து, அழிக்க முடியாத காலத்தை அங்கே குறியுங்கள். வெலேரோவின் ஆயுட்காலத்தை இயல்பான 30 நாளுக்கோ மூன்று மாதத்துக்கோ குறைத்துக்கொள்ளலாம்.

டவுன் மேலரதவீதி எழுதியது:

மேலே அக்கா எழுதிய எதையும் மறுக்கவில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரில் ஐந்து படி ஏறுவதற்கு முன், ஒரு நாள் வாடகைக்குப் புதிய கிளஸ்டர் ஒன்றை எழுப்பி, அதில் நேராக 1.16-ஐ நிறுவி, உங்கள் பழைய பக்கெட்டைக் காட்டி ரீஸ்டோர் செய்து பாருங்கள். பக்கெட்டில் இருக்கும் பேக்கப்புகளை வெலேரோ தானாகவே படித்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். பதினாறும் திறக்கின்றனவா என்ற கேள்விக்கு இங்கே யார் பதில் எழுதினாலும் அந்த ஒரு நாள் சோதனைக்கு ஈடாகாது.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். அந்தப் புதிய கிளஸ்டரில் பக்கெட்டைப் 'படிக்க மட்டும்' என்ற நிலையில் சேருங்கள். இல்லாவிட்டால் இரண்டு வெலேரோக்கள் ஒரே பக்கெட்டில் ஆயுள் முடிந்த பேக்கப்புகளை அழிக்கத் தொடங்கும். அதே நேரத்தில், கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து அமேசான் பக்கத்து எழுதும் அனுமதியையும் பிடுங்கிவிடாதீர்கள். ரெஸ்டிக் ரீஸ்டோர் செய்யும்போதும் களஞ்சியத்தில் ஒரு பூட்டுக் கோப்பை எழுதும், அது முடியாவிட்டால் வேலை நின்றுவிடும். அந்த இரண்டாவது தவறைச் செய்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இழந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஆனித் தேரன்று உள்ளூர் விடுமுறை, கடைகள் மூடியிருக்கும் என்று உற்பத்தி கிளஸ்டர் வேலையை அன்று வைக்க ஆசை வரும். ஏதாவது உடைந்தால் ரதவீதிக்குள் இருக்கும் எவரையும் அன்று பிடிக்க முடியாது.

பாளைக்காரன் எழுதியது:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். மூவருக்கும் நன்றி.

மேலரதவீதி அண்ணாச்சி சொன்னபடி தற்காலிக கிளஸ்டரில் 1.16-ஐ நிறுவினேன். பட்டியலில் பதினாறும் வந்தன. ஒவ்வொன்றையும் வேறு பெயருள்ள நேம்ஸ்பேஸுக்குத் திருப்பி ரீஸ்டோர் செய்தேன். டம்ப் கோப்புகள் பதினாறும் திறந்தன, அவற்றிலிருந்து தரவுத்தளத்தையும் எழுப்ப முடிந்தது. ஆனால் 2024 அக்டோபருக்குப் பிறகு எடுத்தவற்றில் பிடிஎஃப் அடைவு காலியாக இருந்தது. முதலில் 1.16-ஐத்தான் சந்தேகித்தேன். ரெஸ்டிக் கருவியைக் கொண்டு களஞ்சியத்தை நேரடியாகத் திறந்து பார்த்தபோது அங்கேயும் கோப்புகள் இல்லை.

காரணம் மிகவும் எளியது. எங்கள் அமைப்பில், எந்த வால்யூமை (பாட் பயன்படுத்தும் சேமிப்பகம்) பேக்கப் எடுக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு பாடிலும் ஒரு குறிப்பாக எழுத வேண்டும். கடந்த அக்டோபரில் பில் அச்சிடும் பகுதியைத் தனி டிப்ளாய்மென்ட்டாகப் பிரித்தபோது அந்தக் குறிப்பைப் புதியதற்கு எடுத்துச் செல்ல மறந்துவிட்டோம். வெலேரோவுக்கு அப்படி ஒரு வால்யூமை எடுக்க வேண்டும் என்றே தெரியாததால், எட்டு மாதமாக 'நிறைவுற்றது' என்று பச்சையாகவே காட்டிக்கொண்டிருந்தது. பிரித்தவன் நான்தான். மூலக் கோப்புகள் இஎஃப்எஸ்-இல் பத்திரமாக இருப்பதால் இழப்பு எதுவும் இல்லை. அன்றிரவே எல்லா வால்யூம்களையும் இயல்பாகவே எடுக்கும்படி அட்டவணையை மாற்றி, வேண்டாதவற்றுக்கு மட்டும் விலக்குக் குறிப்பு எழுதினேன்.

பிறகு சோதனைக் கிளஸ்டரில் ஐந்து படிகளையும் ஏறி முடித்தேன். 1.14-இல் பிளகினை நீக்கியதால் சிக்கல் வரவில்லை. நோட் ஏஜென்ட்டின் நினைவக வரம்பை நான்கு ஜிபி ஆக்கியிருக்கிறேன், முதல் கோப்பியா பேக்கப் அதற்குள் முடிந்தது. நீண்ட காலக் கணக்குகளுக்கு ஆப்ஜெக்ட் லாக் பக்கெட்டையும் தொடங்கிவிட்டேன். 2031 டிசம்பர் கணக்கை எங்கள் ஆடிட்டரிடம் காட்டியபோது, அது சரிதான் என்றார்.

உற்பத்தி கிளஸ்டரில் வேலையை ஜூன் 21 இரவில் வைத்திருக்கிறேன். 11-ஆம் தேதி விற்பனை ரிட்டர்னும் 20-ஆம் தேதி மாத ரிட்டர்னும் முடிந்துவிடும் என்பதால், ஆலைக்காரர்கள் எவரும் அன்று இரவு பத்து மணிக்கு மேல் பில் தேட மாட்டார்கள். தேருக்கும் இன்னும் நாள் இருக்கிறது.

கங்கைகொண்டான் இரவுப்பணி எழுதியது:

நல்லது தம்பி. 21 அன்று இரவு எனக்கும் பணிதான். சி.ஆர்.டி. அப்ளை செய்யும் இடத்தில் ஏதாவது பிழை வந்தால் அந்தச் செய்தியை இங்கேயே அப்படியே ஒட்டுங்கள், பார்க்கிறேன். அட்டவணைப் பாஸை எடுப்பதை மட்டும் ஒரு சீட்டில் எழுதித் திரையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.